பழையாற்றங்கரையில் மழைக்காலம்: நாகர்கோவில் பயணக் குறிப்புகள்

ஜூன் 14, சனி: ஒழுகினசேரி

வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லித்தான் டிக்கெட் போட்டார்கள். காலை ஆறேகாலுக்கு அப்டா மார்க்கெட் பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "நாகர்கோவில் எல்லாம் எறங்குங்க, வண்டி உள்ள போகாது" என்று கிளீனர் பையன் கத்தினான். வெளியே நல்ல மழை. குடை பெட்டியில், பெட்டி டிக்கியில், டிக்கி சாவி டிரைவரிடம், டிரைவர் டீக்கடையில். மகளும் நானும் நனைந்துகொண்டே நின்றோம். கேட்டால், கன்னியாகுமரி போகிறவர்களுக்கு நேரமாகிறதாம்.

மழை இருக்கும் என்பது ஆரல்வாய்மொழியிலேயே தெரிந்துவிட்டது. கணவாய்க் காற்று அடித்த அடியில் பஸ் ஒருபக்கமாக ஒதுங்கியபோதுதான் எனக்கு விழிப்பே வந்தது. தோவாளையில் தூறல், வெள்ளமடத்தில் மழை. இந்த வருடம் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, மே மாதமே வந்துவிட்டது என்று பத்திரிகையில் படித்திருந்தேன். படித்தது வேறு, முழங்கால்வரை நனைந்து நிற்பது வேறு.

ஆட்டோக்காரர் 150 ரூபாய் கேட்டார். மகள் 80 என்றாள். அவருக்குக் கோபமே வரவில்லை. "மழையில நிக்கியளேம்மா, மொதல்ல ஏறுங்க. நூறு தந்தாப் போரும்" என்றார். ஒழுகினசேரியில் யார் வீடு என்று கேட்டார். கோட்டாறு கம்போளத்தில், அதாவது சந்தையில், சுமடு எடுத்த அப்பாவின் பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. சித்தி பெயரைச் சொன்னேன். அதுவும் தெரியவில்லை. "செல்போன் கடைக்கு எதுத்தாப்புலயா?" என்றார். அதுதான் இப்போது அடையாளம். அந்தக் கடையின் குடோன் இருக்கும் இடத்தில்தான் நாங்கள் குடியிருந்த ஓலைவீடு இருந்தது.

சித்தி வாசலில் நின்றிருந்தாள். "வா மக்கா. என்ன இப்பிடி நனைஞ்சு கெடக்கே? மெட்ராஸ்ல இருந்து ஒரு குடை கொண்டுவர முடியாதா ஒனக்கு?" என்று ஆரம்பித்தவள், மகளைப் பார்த்ததும், "பிள்ளே, நீ என்ன இவ்வளவு மெலிஞ்சு போயிட்ட?" என்று அங்கே தாவிவிட்டாள். கருப்பட்டிக் காப்பி. பத்து நிமிடத்தில் புட்டு, சிறுபயறு, பப்படம், இரண்டு சீப்பு மட்டிப்பழம். விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பழத்தை மகள் புட்டோடு பிசையாமல் தனியாகத் தின்றுகொண்டிருந்தாள். சித்திக்கு அது பொறுக்கவில்லை. அவளே பிசைந்து கொடுத்தாள். இருபது வயதுப் பிள்ளை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

சாப்பிட்டுவிட்டு ஆற்றைப் பார்க்கலாம் என்று கொல்லைப்புறம் போனால், வழி இல்லை. ஆற்றைப் பார்த்த வாசலை அடைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவரின் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறது. வாசல் இருந்த இடத்தில் வாஷிங் மெஷின் ஓடுகிறது. வரிசையில் எல்லா வீடும் இப்படித்தான். எங்கள் காலத்தில் வந்தவர்கள் ஆற்றங்கரை வழியாக வந்து திண்ணையில் உட்காருவார்கள். ரோடு வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. வீடுகள் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி திரும்பி உட்கார்ந்துவிட்டன.

மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தோம். தண்ணீர் இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது ஆகாயத்தாமரைதான். நடுவில் ஒரு கோடு மாதிரி ஓட்டம். பக்கத்தில் ஒரு சாக்கடை நேராக ஆற்றில் இறங்குகிறது. மகள் மூக்கைப் பிடிக்கவில்லை, அவள் நாகரிகம் தெரிந்தவள். "இதுலயாம்மா நீ நீச்சல் கத்துக்கிட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

நீச்சல் பிறகு. முதலில் ஓலை.

அப்பா மூட்டை சுமந்தார், அம்மா ஓலை முடைந்தாள். புத்தேரிப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து தென்னமட்டை வண்டியில் வரும். ஒவ்வொரு மட்டையையும் நடுநரம்போடு நீளவாக்கில் இரண்டாகக் கீறி, கட்டுக் கட்டாகக் கட்டி, ஆற்றில் இறக்கி மேலே கல் ஏற்றிவைப்போம். மூன்று நாலு நாள் ஊறினால்தான் ஓலை வளையும். ஊறாத ஓலை முடையும்போது கீறும், விரலையும் கீறும். எடுத்தபின் அந்த வாடை இருக்கிறதே, பாசியும் அழுகின இலையும் சேர்ந்த வாடை, எங்கள் பள்ளிக்கூடச் சட்டைவரை ஏறியிருக்கும். அம்மா தரையில் குந்தி, நரம்பை இடதுகாலால் மிதித்துக்கொண்டு, ஒன்றை விட்டு ஒன்றாக இலையை ஏற்றி இறக்கி முடைவாள். பேசிக்கொண்டே செய்வாள். கை நிற்காது. கடைசியில் ஓர முடிச்சுப் போட்டு, திருப்பிப் பார்க்காமலே அடுக்கில் எறிவாள். நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி. மேடம், இடவம் (சித்திரை, வைகாசி) மாதங்களில், மழைக்கு முன்னால் கூரை மேய அலைவார்கள். அப்போதுதான் எங்களுக்குப் புது உடுப்பு. மற்ற வீட்டுக் கூரைக்கெல்லாம் ஓலை போனபிறகு, ஓட்டை விழுந்த ஓலைகளை வைத்து எங்கள் கூரையை மேய்வார்கள். ஒழுகும். கீழே வைத்த பாத்திரங்களில் எது எந்தச் சத்தம் போடும் என்று எனக்கும் தம்பிக்கும் பந்தயம்.

எங்களுக்குக் கொடுத்த வேலை காவல். அணை திறந்தால் ஆறு ஏறும். மலையில் பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் திறந்து, பாண்டியன் கால் வழியாகப் பழையாற்றுக்கு வந்து, இங்கே சேருவது பெரும்பாலும் ராத்திரியில்தான் என்று ஞாபகம். "தொறந்தாச்சு, தொறந்தாச்சு" என்று மேலத்தெருவிலிருந்து சத்தம் வரும். அரிக்கேன் விளக்கோடு அம்மாவும் சித்தியும் ஓடுவார்கள், பின்னாலே நாங்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஊறிய கட்டுகளை இழுத்துக் கரையேற்ற வேண்டும். ஊறிய ஓலைக்கட்டின் கனம் சொல்லி மாளாது. ஒருமுறை ஒரு கட்டு அடித்துக்கொண்டு போனது. அம்மா கரையோடே ஓடி, சோழராஜா கோயில் பக்கம்வரை போய், வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும். சாப்பிட்டோம். உளுந்தங்கஞ்சி, தேங்காய்த் துவையல். ஆனால் அம்மா பேசவில்லை.

என்.எஸ். கிருஷ்ணன் 1908இல் பிறந்தது இந்த ஒழுகினசேரியில்தான். தெருவில் எவனாவது சேட்டை பண்ணினால், "ஆமா, பெரிய என்.எஸ்.கே. இவன்" என்பது எங்களுக்கு வசவு, பாராட்டு இரண்டும். மகளுக்கு அவர் யாரென்று போனில் ஒரு பழைய காட்சியைக் காட்டினேன். சிரித்தாள். சித்தி அவளைவிட அதிகமாகச் சிரித்தாள்.

ஜூன் 15, ஞாயிறு: வடசேரி, பூதப்பாண்டி

காலையிலேயே கனகமூலம் சந்தைக்கு மீன் வாங்கக் கிளம்பினோம். சித்தி முன்கூட்டியே எச்சரித்தாள்: "விலை கேட்டு மயங்கி விழாத." கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15இல் தொடங்கிய விசைப்படகுத் தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடலும் இருப்பதால் இரண்டு தடையும் உண்டு. சின்னமுட்டம் படகுகள் இனிமேல்தான் போக வேண்டும். குளச்சல் பக்கம் இன்னும் கட்டிக்கிடக்கிறது. சந்தையில் இருந்ததெல்லாம் நாட்டுவள்ளத்து மீன். சாளை கிலோ 240 சொன்னார்கள். சாளை! எங்கள் வீட்டில் வேறு எதுவும் வாங்க முடியாத நாட்களில் வாங்கிய மீன் அது.

மகள் போனை எடுத்ததும் மீன்கார அக்கா, "எனக்க மூஞ்சிய எடுக்காத பிள்ளே, மீன எடு. அதுதான் அழகு" என்றாள். மகள் சிரித்துவிட்டுப் போனை உள்ளே வைத்துவிட்டாள். விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னதற்கு முடியவே முடியாது என்று சாதித்தவள், பொதிந்து கொடுக்கும்போது கை நிறைய நெத்திலியை அள்ளி மேலே போட்டாள். "பிள்ளைக்குப் பொரிச்சுக் குடு." காசு கேட்கவில்லை. இந்தக் கணக்கு எனக்குச் சென்னையில் எவ்வளவு காலம் இருந்தும் எந்தக் கடையிலும் கிடைத்ததில்லை.

சித்தி மண்சட்டியில் புளிமுளம் வைத்தாள். தேங்காயை வறுக்காமல் வத்தல், மல்லி, மஞ்சளோடு நெகிழ அரைத்து, புளி கரைத்து, முருங்கைக்காய் இரண்டு துண்டு. கரண்டி போட மாட்டாள், சட்டியைப் பிடித்துச் சுற்றுவாள். கூட அவித்த மரச்சீனிக்கிழங்கு. கேஸ் அடுப்பில்தான் வைத்தாள் என்றாலும் ருசியில் ஒன்றும் குறையவில்லை. விறகடுப்பில் வைத்தால்தான் ருசி என்று சொல்கிறவர்கள் ஒருநாள் அந்தப் புகையில் உட்கார்ந்து ஊதிப் பார்க்கட்டும்.

மத்தியானம் மழை விட்டது. ஆறு மேலே எப்படி இருக்கிறது என்று பார்க்க டவுன் பஸ்ஸில் பூதப்பாண்டி போனோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கூட வந்த தம்பிக்கு மட்டும் காசு. அவன் சித்தியின் மகன், ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். "நான் ஒருத்தன்தான் இந்த வண்டிக்கு டீசல் போடுதேன்" என்று வழிநெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தான். திருப்பதிசாரம் பக்கம் கன்னிப்பூ, அதாவது முதல் போக நெல் நடவு பச்சையாக இருந்தது. வயல் இருந்த சில இடங்களில் பிளாட் கல் நட்டிருக்கிறார்கள்.

பூதப்பாண்டியில் ஆறு ஆறாக இருந்தது. படித்துறையில் இரண்டு பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். பையன்கள் சாடினார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவானந்தம் 1907இல் பிறந்த ஊர். எங்கள் அப்பா படித்தவரில்லை, ஆனால் ஜீவா பெயரைச் சொல்லும்போது பீடியைக் கீழே போட்டுவிடுவார். தம்பி அதை இன்றைக்கும் நடித்துக் காட்டினான். அவனுக்கு அப்பாவைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும்; கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவன் அவன்தான்.

நீச்சல் கதையை அங்கே வைத்துத்தான் மகளுக்குச் சொன்னேன். கற்றுக்கொடுத்தவர் யாரும் இல்லை. பச்சை வாழைத்தடை இரண்டைக் கம்பு குத்திச் சேர்த்தால் தெப்பம். அதைப் பிடித்துக்கொண்டு உதைக்க வேண்டும். என்றாவது ஒருநாள் அண்ணன்மார் யாராவது தெப்பத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அவ்வளவுதான் பாடம். பெண்பிள்ளைகள் பெரியவள் ஆகும்வரை நீந்தலாம். அதற்குப் பிறகு குளிக்க மட்டும், அதுவும் விடியுமுன். எனக்கு நீச்சல் நன்றாக வந்த வருடமே நீச்சல் முடிந்துபோனது.

"அப்புறம் நீந்தவே இல்லையா?" என்றாள். இல்லை. சென்னையில் நாங்கள் இருக்கும் அபார்ட்மெண்டில் நீச்சல்குளம் உண்டு. பராமரிப்புக்கு மாதாமாதம் காசு கொடுக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்: கோட்டாறு கம்போளம்

இன்றைக்கு வெயில். மழைக்கு நடுவில் வரும் வெயில் இந்த ஊரில் தோலை உரிக்கும். ஒழுகினசேரியிலிருந்து கோட்டாறுக்கு நடந்தே போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பள்ளிக்கூடம் லீவு விட்ட நாட்களில் தூக்குவாளியில் அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு நடந்த வழி. அப்போது செருப்பு கிடையாது, அதனால் நிழல் விட்டு நிழல் ஓடுவோம். இப்போது செருப்பு இருக்கிறது, நிழல்தான் இல்லை. மகள் வடிவீசுவரம் தாண்டியதும் சர்பத் கடையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நன்னாரி சர்பத் 25 ரூபாய், எலுமிச்சை பிழிந்து. இரண்டாவது டம்ளருக்குக் கடைக்காரர் ஐஸைக் குறைத்துப் போட்டார்: "ரெண்டாவதுக்குக் குளிரு வேண்டாம், தொண்டை கட்டும்."

கம்போளத்துக்குள் நுழைந்ததும் மல்லி, வத்தல், கருப்பட்டி, நனைந்த சாக்கு எல்லாம் சேர்ந்த அந்த வாசம் அப்படியே இருந்தது. தெரு அகலமும் அப்படியே. லாரி பின்னால் வந்தால் கடைப்படியில் ஏறி நிற்க வேண்டியதுதான். மாறியது மூட்டை. அப்பா சுமந்தது நூறு கிலோ சணல்சாக்கு. இப்போது ஐம்பது கிலோ, இருபத்தைந்து கிலோ பிளாஸ்டிக் பைகள்.

அப்பாவின் கழுத்துக்குப் பின்னால் தோல் செருப்பின் அடிப்பாகம் மாதிரி தடித்திருக்கும். தலையில் சும்மாடு, இடுப்பில் கொக்கி. மூட்டையை ஏற்றிவிட இருவர். ஏற்றியபின் மூச்சை அடக்கிக்கொண்டு, முழங்கால் மடங்காமல் பலகைமேல் ஏறுவார்கள். பலகை வளையும். அது வளையும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். அப்பா கீழே இறங்கி வந்து, எதுவும் நடக்காத மாதிரி, "என்ன கொண்டாந்தே?" என்பார். ராத்திரி அம்மா கழுத்தில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பாள். அவர் படுத்தபடியே அன்றைக்கு எத்தனை மூட்டை என்று சொல்லுவார், அம்மா விரல்விட்டு எண்ணுவாள், அதிலிருந்து முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழியும். எண்ணெயும் கணக்கும் ஒரே நேரத்தில் முடியும்.

மகளுக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றையும் அங்கே சொல்லவேண்டி வந்தது. ஒரு கடை வாசலில் வயதான ஒரு அம்மா, லாரி நின்ற இடத்தில் சிந்திய அரிசியைச் சின்னத் தென்னம்விளக்குமாறால் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். "எதுக்கும்மா இது, கோழிக்கா?" என்று மகள் என்னைக் கேட்டாள். நாங்கள் அதைத்தான் சாப்பிட்டோம் என்றேன்.

கூட்டி எடுத்த அரிசியில் எல்லாம் கலந்திருக்கும். கட்டிச்சம்பா, வெள்ளை, குறுநொய், உடைந்த பருப்பு, கல். அம்மா முறத்தில் புடைத்து, கல் பொறுக்கி, ஒன்றுக்கு நான்கு தடவை அரித்துப் போடுவாள். சிவப்பரிசி வேக நேரமாகும், வெள்ளை அதற்குள் குழைந்துவிடும். எங்கள் வீட்டுச் சோறு ஒரே நிறத்தில் இருந்ததே இல்லை. சிவப்பும் வெள்ளையுமாக, பாதி குழைந்து பாதி வேகாமல். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை என் டப்பாவைப் பார்த்து, "ஒங்க வீட்டுல பொங்கலா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். சிந்தியதைக் கூட்ட விடுவது சுமட்டுக்காரர் வீட்டுக்கு முதலாளிகள் கொடுத்த சலுகை. மழைக்காலத்தில் அந்தச் சலுகையும் சேறாகிவிடும்.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. போய் அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள். நான் தள்ளி நின்றேன். திரும்பி வந்து, "கோழிக்குத்தானாம்மா. ரேஷன் அரிசி இருக்கே, இத யாரு திம்பான்னு சிரிக்கிறாங்க" என்றாள்.

கருப்பட்டிக் கடை முதலாளிக்கு எழுபது வயதுக்குமேல் இருக்கும். அப்பா பெயரைச் சொல்லி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். நல்ல மனுசன், பொய் சொல்லவில்லை. "எத்தனை பேரு எடுத்தாவ இங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டது ஒண்ணு ரெண்டு பேரத்தான்" என்றார். சில்லுக் கருப்பட்டியை உடைத்து வாயில் போடச் சொன்னார். கிலோ 420. சீனிப்பாகு கலக்காதது என்று அடித்துச் சொன்னார். நாக்கில் கொஞ்சம் உப்புக் கரித்தது, அதனால் நம்பி ஒரு கிலோ வாங்கினேன்.

அங்கே நின்ற சுமட்டுக்காரர் ஒருவருக்கு மட்டும் அப்பாவைத் தெரிந்திருந்தது. அவர் வேலைக்கு வந்த புதிதில் அப்பாதான் மூச்சடக்கச் சொல்லிக்கொடுத்தாராம். "மூட்ட ஏறுறப்ப பேசப்பிடாதுன்னு அவிய சொல்லுவாவ தங்கச்சி. பேசினா கழுத்துல புடிச்சிக்கிடும்." மகள் ஆசைப்பட்டாள் என்று இருபத்தைந்து கிலோ பையை அவள் தலையில் ஏற்றிவிட்டார். நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் பையைவிட முன்னால் அவள் உட்கார்ந்துவிட்டாள். தெருவே சிரித்தது. அவருடைய மகன் சவுதியில் ஏசி மெக்கானிக்காம். "இந்தத் தொழிலு என்னோட முடிஞ்சிரும்" என்றார், கவலையாக இல்லை, நிம்மதியாக.

சாப்பாடு ஒரு சின்ன மெஸ்ஸில். 120 ரூபாய். பருப்பும் நெய்யும் பப்படமும் முதலில் வந்தன. பப்படத்தைப் பருப்போடு நொறுக்கிப் பிசைய வேண்டும் என்று பக்கத்து மேசைப் பெரியவர் மகளுக்கு வகுப்பெடுத்தார். பிறகு சாம்பார், புளிசேரி, அவியல், பயத்தங்காய்த் தோரன், ரசம். அவியலில் தேங்காயெண்ணெய் மணந்தது. இலையில் கொஞ்சம் மிச்சம் வைத்ததற்குப் பரிமாறிய அண்ணன், "சரியா வேகலியா? கறி பிடிக்கலியா?" என்று காரணம் கேட்டுக்கொண்டே நின்றார். காரணம் சொல்லாமல் எழ முடியாது போல. மீதியையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்: சுசீந்திரம், மணக்குடி

ஆறு கடலில் சேரும் இடத்தையும் பார்த்துவிடுவது என்று முடிவு. ஆச்சரியமாகச் சித்தியும் கிளம்பினாள். "மணக்குடிக்கு நான் போயி எவ்வளவோ காலமாச்சு" என்று புதுச் சேலை கட்டிக்கொண்டாள்.

சுசீந்திரத்தில் கூட்டம். பதினெட்டடி ஆஞ்சநேயர் முன்னால் வெண்ணெய் வாசம். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதில் ஒரு வடநாட்டுப் பெரியவருக்கும் காவலருக்கும் சைகையிலேயே நீண்ட பேச்சுவார்த்தை. மார்கழித் தேருக்கு அப்பா எங்களைத் தோளில் ஏற்றி வருவார். மூட்டை இல்லாத தோளில் உட்காரும் உரிமை அந்த ஒருநாள்தான். மற்றபடி கோயிலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அங்கிருந்து மணக்குடிக்கு ஆட்டோ, 300 ரூபாய். சாமித்தோப்பு தாண்டி உப்பளங்கள் மழைத்தண்ணீரோடு சும்மா கிடந்தன. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பழைய பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்துக்கொண்டு போனது. இப்போது இருப்பது அதற்குப் பிறகு கட்டியது. பாலத்திலிருந்து பார்த்தால் ஒருபக்கம் காயல், கண்டல் செடிகள், நாரைகள். மறுபக்கம் பொழி, ஆறு கடலில் சேரும் வாய், அதற்கப்பால் கடல். ஒழுகினசேரியில் அவ்வளவு குறுகிப்போன ஆறு இங்கே இவ்வளவு அகலமாக எப்படி வந்தது என்று எனக்கு ஆச்சரியம். "கடலு உள்ள வருதுல்லா, அதுதான் அகலம்" என்றாள் சித்தி. ஆற்றுக்கு அந்தப் பெருமையைக்கூட அவள் கொடுக்கத் தயாரில்லை.

கரையோரம் இறங்கினபோது சேறு என் செருப்பில் ஒன்றை வாங்கிக்கொண்டது. கையைவிட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் துடுப்பால் குத்தித் தேடி, வேறு யாருடைய செருப்பையோ எடுத்துக் கொடுத்தான். ஆண்கள் செருப்பு, வலதுகால். எனக்குத் தொலைந்தது இடது. "இருக்கட்டும்க்கா, வீடு வரைக்கும் போட்டுக்கிடுங்க" என்றான். இரண்டு வலதுகால் செருப்போடு மீதி நாள் நடந்தேன்.

கருக்கு, அதாவது இளநீர், வெட்டிக் குடித்தோம், ஒன்று 50. அப்போது நான் ஏதோ சொன்னேன், எங்கள் பிள்ளைகளுக்கு ஆறு இல்லாமல் போய்விட்டது என்கிற மாதிரி. சித்தி கருக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"வந்த நாள்ல இருந்து ஆறு ஆறுன்னு சொல்லுதே. ஒனக்கு அது வெளையாட்டு. ஒனக்க அம்மைக்கு? காலத்த ஆம்பிளைய எந்திரிக்க முந்தி இருட்டுல போயிக் குளிக்கணும். ஈரச்சேலையோட கொடம் கொடமா வெள்ளம் (தண்ணீர்) சொமக்கணும். மழைக்காலத்துல கலங்கித்தான் வரும், அதத் தேத்தாங்கொட்டை தேச்சுத் தெளிய வைக்கணும். இடுப்பளவு வெள்ளத்துல நின்னு ஓலை இழுத்து இழுத்து அவளுக்குக் காலெல்லாம் சேத்துப்புண்ணு. ராத்திரி ஒறங்க மாட்டா. நீயும் ஒனக்க தம்பியும் ஒறங்கிட்டுக் கெடப்பிய. ஒங்களுக்கு என்ன தெரியும்?"

மகள் போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"நம்ம தெருவுக்கு மொதல்ல குழாய் வந்துல்லா, முக்கடல் அணை வெள்ளம். அன்னைக்கு ஒனக்க அம்மை என்ன செஞ்சா தெரியுமா? குழாய்க்கு மஞ்சத் தேச்சு, குங்குமம் வச்சி, சூடம் காட்டினா. நாங்க எல்லாரும் சிரிச்சோம். ஆத்துக்கு ஒருநாளும் அவ சூடம் காட்டினதில்ல."

எனக்கு அந்தக் குழாய் ஞாபகம் இருக்கிறது. வரிசையில் குடம் வைத்துச் சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறது. மஞ்சளும் சூடமும் சுத்தமாக ஞாபகம் இல்லை. எனக்குப் பத்து வயதுக்குமேல் இருந்திருக்கும், பார்த்திருக்கத்தான் வேண்டும். நான் வைத்துக்கொண்டதெல்லாம் வாழைத்தடைத் தெப்பம்.

திரும்பும் வழியில் சித்தியே விஷயத்தைச் சொன்னாள். வீட்டை விற்கப் போகிறார்களாம். 2021 நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, பிரிட்ஜும் கட்டிலும் போனதிலிருந்தே பேச்சு. பார்வதிபுரம் பக்கம் மாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். "மூணாவது மாடி. அங்க எந்த வெள்ளம் வரும்?" என்று குழந்தை மாதிரி கேட்டாள். லிப்ட் இருக்கிறதா என்று நான் கேட்டேன். இருக்கிறதாம். அதில் இரண்டு தடவை ஏறி இறங்கியும் பார்த்துவிட்டாளாம்.

ராத்திரி வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு ஊரே வந்த மாதிரி வந்தார்கள். ஏத்தங்காய்ச் சிப்ஸ் ஒரு கிலோ, கண்ணெதிரே தேங்காயெண்ணெயில் பொரித்தது, 380. முந்திரிக்கொத்து ஒரு டப்பா. மட்டிப்பழம் ஒரு படலை, அது திண்டிவனம் தாண்டுமுன் கறுத்துவிடும் என்று சொன்னாலும் கேட்கவில்லை. சுண்டவைத்த புளிமுளம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில், மேலே பிளாஸ்டிக், அதற்குமேல் துணி, அதற்குமேல் பிளாஸ்டிக். கிளீனர் பையன் மோந்து பார்த்துவிட்டு, "மீன் கொழம்பா? ஏசி வண்டியில ஏத்தக்கூடாதே" என்றான். சித்தி ஒரு பிடி சிப்ஸை அவன் கையில் வைத்தாள். பாட்டில் ஏறிவிட்டது.

ஏறுமுன் தம்பியைத் தனியே இழுத்து, செண்டுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவன் வாயைத் திறப்பதற்குள் சித்தி இடையில் வந்தாள். "அவன்கிட்ட என்ன கேக்கே? ரோட்டப் பாத்த பாகத்துக்குத்தான் வெல. ஆத்துப் பக்கம் அளந்து எழுதும்போது பாதியாக் கொறைக்கான் அந்த புரோக்கர். நீதான் மெட்ராஸ்ல பெரிய ஆபீஸ்ல இருக்கியே, ஒரு நாள் போன் போட்டு அவன்கிட்டப் பேசேன்."

பேசுகிறேன் என்றேன். நம்பரைத் தம்பி அனுப்பிவிட்டான், வண்டி வெள்ளமடம் தாண்டுவதற்குள்.